வெளிநாட்டில் படித்தால் ஆளே மாறிவிடுவோமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வாசல்படி:
செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து போகிறேன். ஒரு வருடப் படிப்பு. விசா, தங்குமிடம், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடியிருக்கின்றன, படித்துவிட்டேன். என் கேள்வி வேறு. யாரிடம் சொன்னாலும் "போய்ட்டு வா, ஆளே மாறிடுவே" என்கிறார்கள். என்ன மாறும் என்று திருப்பிக் கேட்டால் தெளிவாக ஒருவரும் சொல்வதில்லை. தன்னம்பிக்கை, சுதந்திரம், பரந்த பார்வை. இதெல்லாம் பல்கலைக்கழகம் அனுப்பிய கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. உண்மையில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். ஒன்றுமே மாறவில்லை என்றாலும் சரி, அதையும் எழுதுங்கள்.

கடைசிவரிசை:
வெள்ளைத் துணியையும் கலர் துணியையும் ஒன்றாக வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்ற ஞானம் வந்தது. மற்றபடி அதே ஆள்தான்.

நெடுஞ்சாலை:
ஜெர்மனியில் முதுகலை முடித்து இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். எனக்கு முதலில் நடந்தது வளர்ச்சி இல்லை. நான் சின்னதாகிப் போனேன்.

இயல்பிலேயே நான் வாயாடி. எந்தக் கூட்டத்தில் நுழைந்தாலும் சீக்கிரமே யாரையாவது சிரிக்க வைத்துவிடுவேன். "நீ எப்படிப்பட்டவன்" என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அங்கே போன அன்றே அது காணாமல் போய்விட்டது. பாடம் ஆங்கிலத்தில், அதில் சிக்கல் இல்லை. ஆனால் இடைவேளை வந்தால் எல்லோரும் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், நக்கலாக ஒரு பதில் எனக்குத் தோன்றும். அதை மனதுக்குள் வாக்கியமாக அடுக்கி, வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, மேசை ஆண்பாலா பெண்பாலா என்று யோசித்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். நான்கைந்து பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். "ஒன்றுமில்லை" என்பேன். ஒரு பருவம் முழுக்க இப்படியே போனது. அவர்களைக் கேட்டால் நான் அமைதியான, கொஞ்சம் மந்தமான, நல்ல பையன்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. பேச முடியாதவனுக்குக் கவனிப்பதைத் தவிர வேலை இல்லை. யார் அடுத்தவரை முடிக்க விடுகிறார், யார் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு உண்மையிலேயே காத்திருக்கிறார் என்பதெல்லாம் கண்ணில் பட்டது. வகுப்பில் ஒருவன் ஞாயிறு தோறும் காட்டுப் பாதையில் நடக்கப் போவான், என்னையும் கூப்பிட்டான். இரண்டு மணி நேர நடையில் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அடுத்த வாரமும் கூப்பிட்டான். வேடிக்கை காட்டாவிட்டாலும் என்னோடு இருக்க ஒருவனுக்கு இஷ்டம் இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே செய்திதான். மொழி வந்த பிறகு வாயாடித்தனமும் திரும்ப வந்துவிட்டது. ஆனால் இப்போது அது இல்லாமலும் ஒரு இடத்தில் உட்கார முடிகிறது. வாய்மூடி இருப்பவனைப் பார்த்து "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டுகிற பழக்கமும் போய்விட்டது. ஆளே மாறினேன் என்று சொல்ல மாட்டேன். இந்த இரண்டு இடத்தில் மாறினேன்.

சந்தேகப்பிராணி:
நல்ல பதிவு, நெடுஞ்சாலை. ஆனாலும் என் வேலையை நான் செய்தாக வேண்டும். 22, 23 வயதில் வீட்டை விட்டு எங்கே போனாலும் ஆள் மாறத்தான் செய்வான். உள்நாட்டிலேயே வேறு நகரத்துக்கு வேலைக்குப் போனவனும் வாடகை கட்டவும் தனியாகச் சமாளிக்கவும் கற்றுக்கொள்கிறான். அதை ஏன் வெளிநாட்டுக் கணக்கில் எழுத வேண்டும்? இன்னொன்று, கிளம்புகிறவர்களே கொஞ்சம் துணிந்த கட்டைகள். போய்விட்டு வந்து "துணிச்சல் வந்தது" என்றால் அது அங்கே வந்ததா, போகும்போதே பெட்டியில் இருந்ததா?

ஏட்டுச்சுரைக்காய்:
உளவியல் படிக்கிறேன், அதனால்தான் இந்தப் பெயர். சந்தேகப்பிராணி கேட்ட இதே கேள்வியை வைத்து 2013இல் யூலியா சிம்மர்மான், ஃபிரான்ஸ் நையர் இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள். வெளிநாடு போனவர்கள் ஒரு பக்கம், போகாமல் அங்கேயே படித்தவர்கள் மறுபக்கம். கிளம்புவதற்கு முன்பே எல்லோருடைய குணக்கூறுகளையும் அளந்துவிட்டு, பிறகு மறுபடி அளந்தார்கள்.

உங்கள் சந்தேகம் பாதி சரி. கிளம்பியவர்கள் கிளம்பும் முன்பே மற்றவர்களைவிடக் கலகலப்பானவர்களாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், போனவர்களிடம் புதியதை ஏற்கும் மனமும் இணங்கிப் போகும் தன்மையும் கூடியிருந்தன. எதற்கெடுத்தாலும் பதறும் குணம் குறைந்திருந்தது. எல்லாம் சின்னச் சின்ன நகர்வுகள், யாரும் தலைகீழாகிவிடவில்லை. எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. இந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று தோண்டிப் பார்த்தபோது, புதிதாகக் கிடைத்த வெளிநாட்டு நட்புகள்தான் பெரும்பங்கு என்று வந்தது. விமானம் ஏறியதற்கு மதிப்பெண் இல்லை.

வாசல்படி:
அப்படியென்றால் எனக்குக் கவலை வந்துவிட்டது. என்னோடு கிளம்பும் நம் ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். ஒரே வீடாகப் பிடித்துவிடலாம் என்று பேச்சு. அது தப்பா?

பழையஏடு:
தப்பென்றால் 800 வருடமாக எல்லோரும் செய்கிற தப்பு. இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் பிறந்த இடத்தை வைத்துத்தான் சங்கம் அமைத்தார்கள். பாரிஸில் பிரெஞ்சு, பிக்கார்டி, நார்மன், ஆங்கிலம் என்று நான்கு. இத்தாலியின் பொலோனாவில் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இருந்து வந்தவர்கள் ஒரு பிரிவு, இப்பால் உள்ளவர்கள் ஒரு பிரிவு. அந்நிய ஊரில் வாடகைக்கும் பாதுகாப்புக்கும் அதுதான் துணை. பொலோனா மாணவர்கள் அந்தக் கூட்டு பலத்தில், நேரத்துக்கு வராத ஆசிரியருக்கே அபராதம் போட்டார்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

ஏட்டுச்சுரைக்காய்:
பழையஏடு சொல்வதற்கு ஆய்விலும் ஆதரவு இருக்கிறது. ஸ்டீபன் போக்னரும் அவருடைய குழுவும் 1977இல் ஹவாய் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களைப் பார்த்தார்கள். மூன்று வட்டம். சொந்த நாட்டுக்காரர்கள் மனசுக்கு. உள்ளூர்க்காரர்கள் படிப்பு, வேலை, காரியம் ஆவதற்கு. பிற நாடுகளில் இருந்து வந்தவர்கள் ஊர் சுற்ற, பொழுது போக்க. மூன்றும் வேறு வேறு தேவைக்கு. முதல் வட்டத்தை வெட்டிவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதோடு நின்றுவிட்டால் மற்ற இரண்டும் நடக்காது, அவ்வளவுதான்.

மேசைவிளக்கு:
வாசல்படி, நானும் இங்கிலாந்தில்தான் படித்தேன், அதனால் இரண்டு விஷயம் விரிவாக.

ஒன்று, மதிப்பெண். முதல் கட்டுரைக்கு எனக்கு 62 வந்தது. அதுவரை தொண்ணூறுக்குக் கீழே இறங்காத ஆள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே முதுகலையில் 50 எடுத்தால் தேர்ச்சி, 60க்கு மேல் நல்ல தரம், 70 தாண்டினால் அதுதான் உச்சப் பிரிவு, 80 என்பது அபூர்வம். கணக்கு புரிந்த பிறகு அழுகை நின்றது. ஆனால் எனக்கு வேலை கொடுத்தது மதிப்பெண் இல்லை, ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள். "மூன்று அறிஞர்கள் சொன்னதை அழகாகத் தொகுத்திருக்கிறாய். இதில் உன் வாதம் எங்கே?" என்று இருந்தது. பெரியவர்கள் சொன்னதைச் சரியாகச் சொல்வதுதான் மரியாதை, அதுதான் படிப்பு என்று வளர்ந்தவள் நான். அவர்களோடு முரண்பட வேண்டும் என்று ஆசிரியரே கேட்கிறார். அடுத்த கட்டுரையில் அந்த ஆசிரியர் எழுதிய ஆய்வையே ஒரு இடத்தில் மறுத்திருந்தேன், அனுப்பிவிட்டு இரண்டு நாள் தூக்கம் இல்லை. அவர் ஓரத்தில் "இது நியாயமான கேள்வி" என்று எழுதி, கீழே அதற்குத் தன் பதிலையும் எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டு, சமையலறை. ஆறு அறைக்கு ஒரே சமையலறை, ஆறு பேரும் ஆறு நாடு. ஒரு நாள் டச்சுப் பெண் ஒருத்தி என் முகத்துக்கு நேரே, "உன் வாணலி முந்தாநாளில் இருந்து தொட்டியில் கிடக்கிறது, எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இனி இவளோடு பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டு வாணலியைத் தேய்க்கிறேன். அவள் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்தபடி, வார இறுதியில் ரயிலில் கடற்கரைக்குப் போகிறோம், வருகிறாயா என்று கேட்கிறாள். அவளைப் பொறுத்தவரை வாணலி விஷயம் முடிந்துவிட்டது. நான் வளர்ந்த விதத்தில், முகத்துக்கு நேரே குறை சொன்னால் உறவே முறிந்தது என்று பொருள். முறியக் கூடாது என்பதற்காகவே நாங்கள் சொல்ல மாட்டோம், மனசுக்குள் வைத்து வருடக்கணக்கில் புழுங்குவோம். சொல்லிவிட்டு ரயிலுக்கும் கூப்பிடலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போது வேலையிடத்தில் அப்படித்தான் பேசுகிறேன். எல்லோருக்கும் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

எட்டுப் பேர் வீட்டில் இந்த வாணலிப் பேச்சு நடந்திருக்காது. குழுவை விடாதீர்கள், ஆனால் வீட்டைத் தனியாகப் பாருங்கள்.

இரவுப்பணி:
எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். கடன் வாங்கிப் போனவன் நான். மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த 20 மணியும் கிடங்கில், இரவில். காலை வகுப்பில் கண் திறந்திருந்தால் அதுவே சாதனை. மற்றவர்கள் வகுப்பு முடிந்து காபி குடிக்கப் போகும்போது நான் தூங்கப் போவேன். நட்பு வட்டம் மூன்று என்கிறீர்கள், எனக்கு வாய்த்தது கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர்தான். பேருந்தில் ஒருவன் என்னைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தியபோது ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இதையும் வளர்ச்சியில் சேர்ப்பீர்களா? கஷ்டத்துக்கெல்லாம் வளர்ச்சி என்று பெயர் வைத்தால், கஷ்டப்படுத்தியவர்களுக்கு வசதியாகிவிடும்.

மேசைவிளக்கு:
இரவுப்பணி, நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சமையலறையில் அந்தப் பேச்சு நடக்க வேண்டுமென்றால் நான் அந்த நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். என்னால் நிற்க முடிந்தது, ஏனென்றால் எனக்கு உதவித்தொகை இருந்தது.

இரவுப்பணி:
நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. சரி, ஒன்றே ஒன்று எனக்கும் மாறியது. யாரிடமும் உதவி கேட்காதவன் நான், கேட்டால் கௌரவம் போய்விடும் என்று. ஒரு கட்டத்தில் சாப்பிடவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் போனபோது பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். இரண்டு தேர்வுகளைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும். வாசல்படி, அந்த மையம் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது தேடுகிற தெம்பு இருக்காது.

கடைசிவரிசை:
இதற்கெல்லாம் ஒரு வரைபடம் இருக்கிறதே. முதலில் தேனிலவு, அப்புறம் கலாச்சார அதிர்ச்சி, அப்புறம் மெதுவாக மேலே ஏறிப் பழகிவிடும். கீழே இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்பார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்த வரைபடத்தின் கதையே சுவாரசியம். கலாச்சார அதிர்ச்சி என்பதைக் கட்டங்களாகப் பிரித்துப் பிரபலமாக்கியவர் மானுடவியலாளர் காலெர்வோ ஓபர்க், 1954இல் ரியோ டி ஜெனீரோவில் பேசிய ஒரு உரையில். அடுத்த வருடம் ஸ்வெர்ரெ லிஸ்கோர் என்பவர் ஒரு ஆய்வை வெளியிட்டார், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களைப் பேட்டி எடுத்து. ஆறு மாதத்துக்குள் இருந்தவர்கள் நன்றாக இருந்தோம் என்றார்கள், ஆறில் இருந்து பதினெட்டு மாதம் இருந்தவர்கள் சிரமம் என்றார்கள், அதற்கு மேல் இருந்தவர்கள் மறுபடி நன்றாக என்றார்கள். இதில் இருந்துதான் இறங்கி ஏறும் அந்தக் கோடு வந்தது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்து வரைந்த கோடு இல்லை. 1998இல் காலீன் வார்டு குழுவினர் நியூசிலாந்து போன ஜப்பானிய மாணவர்களை, போன நாளில் இருந்து தொடர்ந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சிரமம் மிக அதிகமாக இருந்தது வந்து இறங்கிய தொடக்கத்தில்தான். தேனிலவையே காணோம்.

அதனால் முதல் வாரமே அழுகை வந்தால் "எனக்கு மட்டும் ஏதோ கோளாறு" என்று நினைக்க வேண்டாம். ஆறாவது மாதம் ஜாலியாக இருந்தால் பள்ளம் இனிமேல்தான் என்று பயப்படவும் வேண்டாம்.

திரும்பிவந்தவள்:
இவ்வளவு நாள் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். மேசைவிளக்கு எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் எனக்கு நேர் எதிராக நடந்தது. நான் போனது ஜப்பான், ஒரு ஆய்வகம். இயல்பில் பட்டென்று பேசுகிறவள். முதல் குழுக் கூட்டத்திலேயே ஒரு திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னேன். தரவோடுதான் சொன்னேன். அறையில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கூட்டம் முடிந்ததும் மூத்த மாணவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரி. ஆனால் நேற்றே அவருடைய மேசைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம்" என்றார். அங்கே எதிர்ப்பும் திருத்தமும் கூட்டத்துக்கு முன்பே, ஒவ்வொரு மேசையாக நடந்து முடிந்துவிடுகிறது. கூட்டம் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்டதை எல்லோர் முன்னாலும் உறுதிப்படுத்த. முதலில் எனக்கு இது பொய்வேடமாகத் தெரிந்தது. நானே ஒருமுறை முன்கூட்டி மேசை மேசையாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். சபையில் தோற்கும் பயம் இல்லாததால் அவரவர் தன் சந்தேகத்தை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஆக மேசைவிளக்கு நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டார், நான் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன். வெளிநாடு போனால் எல்லோரும் துணிச்சலாகப் பேசுவார்கள் என்று யார் சொன்னது?

திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. வந்த முதல் வாரம் எல்லோரும் "எப்படி இருந்தது?" என்பார்கள். இரண்டு வாக்கியம் சொன்னதும் பேச்சு மாறிவிடும். வீட்டில் யாரும் மாறவில்லை, ஆனால் சாதாரணப் பேச்சே எனக்குச் சத்தமாகக் கேட்டது. எதற்கெடுத்தாலும் "அங்கே இப்படி இல்லை" என்று ஆரம்பித்து எல்லோரையும் படுத்தியிருக்கிறேன். போனதைவிட வந்ததுதான் எனக்குக் கஷ்டம்.

ஏட்டுச்சுரைக்காய்:
குல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963இலேயே இதை எழுதிவிட்டார்கள், திரும்பி வரும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது என்று.

சந்தேகப்பிராணி:
நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2017இல் வந்த ஒரு ஆய்வு, ஜாக்சன் லூ குழுவினருடையது. நிறைய நாடுகளில் இருந்து பழகியவர்கள் ஏமாற்று வேலைக்குச் சற்று எளிதில் துணிகிறார்களாம். "சரி, தப்பு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும்" என்ற எண்ணம் வந்துவிடுவதால். இந்த வளர்ச்சியையும் கையேட்டில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
உண்மைதான். ஆனால் அதில் முக்கியமானது நாடுகளின் எண்ணிக்கை, இருந்த காலம் இல்லை. அதே ஆய்வாளர்களில் சிலர் சேர்ந்து 2018இல் செய்த இன்னொன்றில், வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் "நான் யார்" என்பதில் தெளிவு கூடுகிறது என்று வந்தது. அங்கேயும் எத்தனை நாடு என்பது உதவவில்லை, எவ்வளவு காலம் என்பதுதான் உதவியது. காரணம், திரும்பிவந்தவள் சொன்ன மாதிரியான நேரங்கள்தான். நான் பட்டென்று பேசுவது என் குணமா, அல்லது என்னைச் சுற்றி எல்லோரும் அப்படிப் பேசியதால் ஒட்டிக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டி வருகிறது. ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கேள்வி எழுவதற்கே வாய்ப்புக் குறைவு.

சந்தேகப்பிராணி:
இதை ஒத்துக்கொள்கிறேன். உள்நாட்டில் வேறு நகரத்துக்குப் போனவனுக்கு வாடகைக் கவலை வரும், இந்தக் கேள்வி அவ்வளவாக வராது. என் முதல் பதிவில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் காசும் நேரமும் உள்ளவனுக்குத்தான் இது முழுசாக வாய்க்கும் என்பது, இரவுப்பணி எழுதிய பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

வாசல்படி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் பேசிவிட்டேன், எட்டுப் பேர் வீட்டில் நான் இல்லை என்று. இருவர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது பல்கலைக்கழக விடுதி விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். தனிச் சமையலறை உள்ள ஸ்டுடியோ, பொதுச் சமையலறை உள்ள அறை என்று இரண்டு வகை. பொதுச் சமையலறை வாடகையும் குறைவு. அதைத்தான் போட நினைக்கிறேன். கீழே "முதுகலை மாணவர்கள் மட்டும்", "கலந்து" என்று இன்னொரு கேள்வி. மேசைவிளக்கு அக்கா, அதில் எதைப் போட?

மேசைவிளக்கு:
முதுகலை மட்டும். முதலாண்டு இளங்கலைப் பிள்ளைகளோடு போட்டால் விடிகாலை இரண்டு மணிக்குப் பாட்டு, ஆய்வுக் கட்டுரை எழுதும் மாதத்தில் கொன்றுவிடுவீர்கள். அப்புறம், "கூடுதல் விருப்பங்கள்" என்று ஒரு பெட்டி இருந்தால் பல நாட்டு மாணவர்கள் உள்ள தளம் வேண்டும் என்று எழுதுங்கள். நான் எழுதினேன், கொடுத்தார்கள். கோபித்துக்கொண்ட இருவரிடமும் போய் இறங்கிய முதல் சனிக்கிழமை வருகிறேன் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.